எட்ஜ்மாஸ்டர் கையுறை: எண்ணிப் பார்த்தவர்களின் கதை

2004 நவம்பர் 23. அமெரிக்காவில் ப்ளிஸார்ட் நிறுவனம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் கேமை வெளியிட்ட நாள். வாள், கவசம், மோதிரம் என்று ஆயிரக்கணக்கான பொருட்கள் உள்ள கேம் அது. அவற்றில் ஒரே ஒரு ஜோடி கையுறையின் கதைதான் இது. ஒரு பொருளின் மேல் எழுதியிருப்பது வேறு, அது உண்மையில் செய்யும் வேலை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பெயர் 'எட்ஜ்மாஸ்டர்ஸ் ஹேண்ட்கார்ட்ஸ்'. ஊதா நிறத்தில் பெயர் வரும் அபூர்வ வகை. குறிப்பிட்ட லெவலில் உள்ள எந்த அசுரனைக் கொன்றாலும் விழலாம், ஆனால் அதிர்ஷ்டம் வேண்டும். கிடைத்தவர் அணிந்து பார்க்காத வரை ஏலக்கூடத்தில் விற்கவும் செய்யலாம். 44வது லெவலிலேயே போட்டுக்கொள்ளலாம். அதன் மேல் என்ன எழுதியிருந்தது? கோடாரித் திறன் +7, குத்துவாள் திறன் +7, வாள் திறன் +7. அவ்வளவுதான்! பலம் கூடாது, உயிர் கூடாது.

அப்போது கேமின் கடைசி லெவல் 60. அந்த லெவலில் கிடைக்கும் மற்ற கையுறைகள் பலத்தைக் கூட்டும், உயிரைக் கூட்டும். அப்படியிருக்க 44வது லெவல் கையுறையை 60வது லெவல் வீரன் எதற்குப் போட வேண்டும்? மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

விஷயம் அந்த '+7'ல்தான் இருந்தது. ஒவ்வொரு லெவலுக்கும் 5 என்ற கணக்கில் ஆயுதத் திறன் ஏறும். 60வது லெவலில் 300. ஆனால் பெரிய குகைகளில் 40 பேர் சேர்ந்து எதிர்க்கும் 'பாஸ்'களை கேம் 63வது லெவலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதாவது அவற்றின் தற்காப்பு 315. இந்த 15 புள்ளி இடைவெளிதான் வில்லன். இடைவெளி இருந்தால் வீரனின் சாதாரண அடிகளில் ஒரு பங்கு சரியாக இறங்காமல் உரசிக்கொண்டு போகும். இதற்கு 'க்ளான்சிங் ப்ளோ' என்று பெயர். பாஸ் முன்னால் நின்றால் 100 அடியில் சுமார் 40 அடி இப்படித்தான் விழும்.

உரசும் அடிகளின் எண்ணிக்கையைக் கையுறை குறைக்காது. ஒவ்வொரு உரசலிலும் எவ்வளவு நஷ்டம் என்பதைத்தான் குறைக்கும். திறன் 300 என்றால் உரசும் அடி சராசரியாக 35 சதவீதம் வலு இழக்கும். 305 என்றால் 15 சதவீதம். கையுறை தரும் 307ல் சுமார் 7 சதவீதம்தான்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு அடிக்கு 100 டேமேஜ், 100 அடி. கையுறை இல்லாதவருக்கு 40 அடியில் தலா 35 வீதம் 1400 போய்விடும். கையுறை போட்டவருக்கு தலா 7 வீதம் 280தான் போகும். 10,000ல் 1,120 மிச்சம்! சாதாரண அடிகளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு, விசேஷ அடிகள் உரசுவதில்லை. இருந்தாலும் ஒரே ஒரு கையுறைக்கு இது மிகப் பெரிய லாபம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி.

"போட்டுப் பார்த்தேன், நல்லா இருக்கு" என்று சொல்வது சோதனை ஆகாது. இரண்டு வாரத்து மொத்த டேமேஜை ஒப்பிடுவதிலும் பயனில்லை. உடன் விளையாடும் 39 பேரின் உதவி வாரத்துக்கு வாரம் மாறும். பாஸின் கவசத்தை யாரோ உடைத்திருப்பார், யாரோ மந்திரத்தால் பலம் ஏற்றியிருப்பார். மாற்றம் கையுறையால் வந்ததா, பக்கத்தில் நின்றவரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

சரி, தவறும் அடிகளை எண்ணிப் பார்க்கலாமே? திறன் 305ஐத் தாண்டினால் தவறும் அடிகள் 100க்கு 8லிருந்து சுமார் 6 ஆகக் குறையும். ஒரு சண்டையில் 200 அடி என்றால் 16க்குப் பதில் 12. ஆனால் 16 வர வேண்டிய இடத்தில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 11ம் வரலாம், 21ம் வரலாம். இரண்டு சதவீத வித்தியாசம் அந்த ஆட்டத்தில் மறைந்தே போகும். அதை நிச்சயமாகச் சொல்ல ஆயிரக்கணக்கான அடிகள் வேண்டும்.

உரசும் அடிகளில்தான் வழி கிடைத்தது. கேமில் நடக்கும் ஒவ்வொரு அடியையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வசதி உண்டு. உரசும் அடிக்கு அதில் தனி அடையாளமும் இருக்கும். உரசிய அடிகளின் சராசரியை முழு அடிகளின் சராசரியோடு ஒப்பிட்டால் போதும். 65க்கும் 93க்கும் உள்ள வித்தியாசம் சில நூறு அடிகளிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். என்ன சோதிக்கிறோம் என்பதைவிட எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. காட்டில் திரியும் 60வது லெவல் அசுரனை அடித்துச் சோதித்தவருக்கு ஒன்றுமே தெரியாது. சம லெவல் எதிரியிடம் 100க்கு சுமார் 10 அடிதான் உரசும், நஷ்டமும் மிகக் குறைவு. அவர் "கையுறை வேஸ்ட்" என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. இடம்தான் தப்பு. பாஸைப் போலவே கணக்கிடப்படும் பயிற்சிப் பொம்மைகள் கேமுக்குள் வந்தது 2008ல்தான். அதுவரை சோதனைக்கூடம் என்றால் 40 பேர் உயிரைப் பணயம் வைக்கும் குகைதான்!

2007 ஜனவரியில் 'தி பர்னிங் க்ரூசேட்' வந்த பிறகு விதிகள் மாறின. அந்த ஆண்டு நவம்பரில் ஆயுதத் திறனுக்குப் பதிலாக 'எக்ஸ்பர்டீஸ்' என்ற புதுக் கணக்கு வந்தது. 2010ல் ஆயுதத் திறன் என்ற ஏற்பாடே கேமிலிருந்து எடுக்கப்பட்டது.

பழைய கேம் வேண்டும் என்று ஏங்கிய ரசிகர்கள் அனுமதியில்லாமல் தாங்களே சர்வர்கள் நடத்தினார்கள். அதில் புகழ்பெற்ற 'நோஸ்டால்ரியஸ்' 2016 ஏப்ரலில் மூடப்பட்டது. இந்த சர்வர்களிலும் பொருட்களைச் சோதித்தார்கள். ஆனால் அங்கே இருந்த விதிகளில் பல ரசிகர்களே ஊகித்து எழுதியவை. அதைச் சோதித்தால் தங்கள் ஊகம்தான் திரும்ப வரும். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போல!

2019 ஆகஸ்டில் ப்ளிஸார்ட் நிறுவனமே 'கிளாசிக்' என்று பழைய கேமைத் திரும்பக் கொண்டுவந்தது. திறனில் இடைவெளி 10ஐத் தாண்டினால், அடி தவறாமல் இருக்க உதவும் பொருட்களில் முதல் 1 சதவீதம் கணக்கில் சேராது என்பதையும் அந்த ஆண்டு உறுதிசெய்தது. அதாவது திறன் 300 உள்ளவருக்கு 9 சதவீதம் தேவை, 305 உள்ளவருக்கு 6 போதும். கையுறைக்கு இன்னும் கொஞ்சம் மவுசு கூடியது. ஏலக்கூடத்தில் ஆயிரக்கணக்கான தங்கக்காசுக்குப் போனது. மாதக்கணக்கில் சேர்த்து வாங்கியவர்கள் உண்டு.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். கேமில் மனித இன வீரருக்குப் பிறவியிலேயே வாள் திறன் +5 உண்டு. ஆர்க் இனத்தவருக்குக் கோடாரியில் +5. வாள் பிடித்த மனித வீரர் ஏற்கனவே 305. மேலே சொன்ன கணக்குப்படி அவருக்கு நஷ்டம் 600. கையுறை அதை 200 ஆக்கும். லாபம் வெறும் 400. மற்றவருக்கோ 1,120! கதாயுதம் பிடித்தவருக்கு லாபம் பூஜ்யம்.

ஆனால் ஏலக்கூடத்தில் மூவருக்கும் ஒரே விலை. எண்ணிப் பார்த்தவர்களின் உழைப்பால் ஏறிய விலை அது. அந்த விலையை மட்டும் பார்த்து வாங்கியவர் எண்ணாமலே வாங்கியவர். விலை ஒரு பொருள் யாருக்கோ உதவுகிறது என்பதைத்தான் சொல்லும். நமக்கு உதவுமா என்பதை நம் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்து நாம்தான் கணக்குப் போட வேண்டும்.