மேலங்கிக்குள் தைத்த தாள்

1662 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் ப்ளேஸ் பாஸ்கல் இறந்தார். வயது 39. சில நாட்கள் கழித்து அவருடைய மேலங்கியைக் கையிலெடுத்த வேலையாளுக்கு, உள்துணியில் ஓரிடம் மட்டும் தடிப்பாக இருப்பது தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால் மடித்த தோல்தாள் ஒன்று, அதற்குள் ஒரு காகிதம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகங்கள். 1654 நவம்பர் 23, இரவு பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி அரைமணி வரை என்று நேரம் குறித்து, கீழே 'நெருப்பு' என்று ஒற்றைச் சொல். பிறகு துண்டுதுண்டான வரிகள். தத்துவவாதிகள் பேசும் கடவுளை அல்ல, ஆபிரகாமின் கடவுளைக் கண்டேன் என்கிற ரீதியில். அந்த இரவைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. எட்டு வருடம் அந்தத் தாளை உடம்போடு சுமந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்கு பாஸ்கல் அறிமுகமானது இன்ஜினியரிங் முதல் வருட சி லேபில். பாஸ்கல் முக்கோணம் அச்சிடணும். இரண்டு ஃபார் லூப், கொஞ்சம் இடைவெளி, அவுட்புட் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. ரெக்கார்டு நோட்டில் அவர் யார் என்று யாரும் எழுதச் சொல்லவில்லை. ரூவான் நகரில் அப்பா வரிக்கணக்கோடு மல்லாடுவதைப் பார்த்து, 19 வயதில் பல்சக்கரங்களை வைத்துக் கூட்டல் கழித்தல் போடும் இயந்திரம் செய்யத் தொடங்கியவர். எங்கள் தொழிலுக்குக் கொள்ளுத்தாத்தா என்றே சொல்லலாம்.

பரிசோதனையிலும் கெட்டிக்காரர். 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்கா கணவர் ஃப்ளோரின் பெரியே, பாஸ்கல் எழுதியனுப்பிய திட்டப்படி, க்ளெர்மோன் ஊருக்குப் பக்கத்திலுள்ள பூய் த டோம் மலையில் பாதரசக் குழாயோடு ஏறினார். அடிவாரத்தில் வைத்த குழாயில் பாதரச மட்டம் அப்படியே நிற்க, உச்சியில் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு அது போதும்.

இப்படிப்பட்ட ஆள் கடவுளுக்கும் ஒரு பாதரசக் குழாயை நீட்டுவார் என்றுதான் நினைப்போம். அவர் நீட்டவில்லை. நிலாவையும் கிரகங்களையும் காட்டி நம்பாதவர்களிடம் கடவுளை நிரூபிக்கப் போனால், நம் மதத்தின் ஆதாரம் இவ்வளவு பலவீனமா என்று அவர்கள் நினைக்கத்தான் வழி பண்ணுவோம் என்று குறிப்பு எழுதிவைத்தார். ஏசாயா தீர்க்கதரிசி கடவுளை ஒளிந்திருப்பவர் என்று அழைத்ததை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். கடவுள் ஒளிந்திருக்கிறார் என்று சொல்லாத எந்த மதமும் உண்மையானதல்ல என்கிற அளவுக்குப் போனார்.

இதில் வேடிக்கை, அவர் கடவுளைப் பற்றி இப்படி எழுதியது அவர் வீட்டிலேயே ஒரு அற்புதம் நடந்த பிறகு. 1656 மார்ச் 24. அக்கா மகள் மார்கரீத்துக்கு ஏறக்குறைய பத்து வயது. பாரிஸிலிருந்த போர்ட் ராயல் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தாள். கண்ணோரத்தில் பல வருடமாக ஆறாத புண், சீழ் வடியும். கிறிஸ்துவின் முள்முடியிலிருந்து வந்தது என்று வணங்கப்பட்ட ஒரு முள்ளை அன்று அந்த இடத்தில் தொட்டு வைத்தார்கள். புண் ஆறிவிட்டது. மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள், அக்டோபரில் பாரிஸ் திருச்சபை அதிகாரிகள் அற்புதம் என்று அறிவித்தார்கள். தாய்மாமன் தன் முத்திரையையே மாற்றிக்கொண்டார்: முள்முடிக்கு நடுவே ஒரு கண்.

நேரம்தான் முக்கியம். போர்ட் ராயல் அப்போது ஜான்சனியர்களின் கோட்டை. மனிதன் தன் முயற்சியால் அல்ல, முழுக்க அருளால்தான் மீள்கிறான் என்ற கட்சி. அரசரும் சேசுசபையினரும் எதிர்ப்பக்கம். அந்த மடத்துக்குள் வைத்து, அந்தக் கட்சிக்காரர் மருமகளுக்கே கண் குணமானால் தீர்ப்பு வந்த மாதிரிதானே? போர்ட் ராயல்காரர்கள் அப்படித்தான் படித்தார்கள். சேசுசபைத் தரப்போ, தப்பறையில் கிடப்பவர்களை மனம் திருப்பத்தான் இந்த அடையாளம் என்றது. ஒரே கண், ஒரே புண், இரண்டு கட்சிக்கும் சாட்சி. நெருக்கடி சில காலம் தளர்ந்தது என்பது உண்மை. ஆனால் கட்சி மாறியவர் என்று பெரிதாக யாரும் இல்லை.

அந்த அக்டோபர் கடைசியில் ஷார்லோத் த ரோவான்னே என்ற இளம்பெண்ணுக்கு பாஸ்கல் ஒரு கடிதம் எழுதினார். கடவுள் மறைவைப் பற்றி நான் வாசித்ததில் என்னை அதிகம் உலுக்கியது அதுதான். அவர் சொல்வதன் சாரம்: கடவுள் முதலில் இயற்கை என்ற திரைக்குப் பின்னால் இருந்தார். பிறகு மனிதனாக வந்தார். வந்தவர் முன்னைவிட அதிகமாக மறைந்துபோனார். இயற்கையைப் பார்த்துக் கடவுள் இருக்கிறார் என்றவர்கள்கூட இந்தத் தச்சர் மகனைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. கடைசியாக நற்கருணை அப்பத்தில் வந்து தங்கினார். அதைவிட ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

கிட்டே வரவர மறைவு கூடுகிறது. எவ்வளவு விநோதமான வரிசை! விளம்பரம் கூடினால் கண்ணில் படும் என்று பழகிய நமக்கு இது தலைகீழ்.

ஏன் இப்படி? முழுசாகத் தெரிந்தால் மனிதன் தன் நிலைமையை அறியாமல் கடவுளை அறிந்த கர்வத்தில் விழுவான், முழுசாக மறைந்தால் விரக்தியில் விழுவான் என்கிறார் பாஸ்கல். அதனால் தேடுகிறவனுக்குப் போதுமான வெளிச்சம், தேடாதவனுக்குப் போதுமான இருட்டு. கடவுள் அறிவை மடக்கிப்போட வரவில்லை, விருப்பத்தைத் திருப்ப வந்தார்.

முன்பாதி எனக்குப் பிடிபடுகிறது. பின்பாதி தொண்டையில் நிற்கிறது. ஜே. எல். ஷெல்லன்பெர்க் என்ற கனடியத் தத்துவவாதி 1993இல் எழுதிய புத்தகத்தில் கேட்டது இதைத்தான்: எதிர்ப்பு எதுவும் இல்லாமல், நம்பத் தயாராக இருந்தும் நம்பிக்கை வராதவர்கள் இருக்கிறார்களே, அன்புள்ள கடவுள் அவர்களிடம் ஏன் ஒளிய வேண்டும்? என் அப்பா ஐசியூவில் கிடந்த பதினோரு நாளும் அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. அம்மா சரியாகத் தேடவில்லை, அதனால் இருட்டு என்று என்னிடம் யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன். பாஸ்கலே சொன்னாலும்தான். அப்பா போனபிறகும் அம்மா தினமும் பூசைக்குப் போகிறார்கள். என்ன கிடைக்கிறது என்று கேட்டால், அங்கே போய் உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான் என்பார்கள்.

பாஸ்கலுக்கு இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்தது. தங்கை ஜாக்லின் போர்ட் ராயலில் கன்னியர். 1661இல் ஜான்சனியத்தைக் கண்டித்து எல்லாக் கன்னியரும் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு. மனசாட்சி ஒப்பவில்லை என்று ஜாக்லின் கடுமையாக ஒரு கடிதம் எழுதினாள். கடைசியில் கையெழுத்திட்டாள். அக்டோபர் 4 அன்று இறந்தாள். ஐந்து வருடம் முன்பு அதே சபையின் மடத்தில் குழந்தையின் கண்ணைக் குணமாக்கியவர் இதற்கு ஒன்றும் செய்யவில்லை. அண்ணனும் அடுத்த வருடமே போனார். திட்டமிட்டிருந்த பெரிய நூல் முடியவில்லை. கத்தரித்து, நூலில் கோத்து, தலைப்பு போட்ட காகிதக் கட்டுகளும் கோக்காத துண்டுகளும்தான் மிச்சம். ‘பான்ஸே’ என்று 1670இல் அச்சானது அதிலிருந்து எடுத்ததுதான்.

போர்ட் ராயலுக்கு கிராமப்புறத்திலும் ஒரு மடம் இருந்தது. 1709இல் பதினான்காம் லூயி அங்கே மிஞ்சியிருந்த வயதான கன்னியரை வெளியேற்றினார். அடுத்த வருடம் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். கல்லறைகளைக்கூட விடவில்லை, எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள்.

மார்கரீத் பெரியே அப்போது உயிரோடு இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய்மாமனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்தாள். 1733இல், 87 வயதில் இறந்தாள்.