காக்களூரில் தொடங்கிய மடிக்கணினி

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று ஒரு பெரிய அரசு விழா. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியோடு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டத்தையும் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அங்கேதான் தொடங்கி வைத்தார். திருவள்ளூரில் ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கும் மணவாள நகருக்கு அது பக்கத்து ஊர் சமாச்சாரம். ஒன்பது ஆண்டு கழித்து அந்த மடிக்கணினியே வகுப்பறையாகும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

2020 மார்ச் நடுவில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. சில நாட்களில் புறநகர் ரயிலும் நின்றது. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையையும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸையும் நம்பிப் பிழைக்கும் பகுதி மணவாள நகர். வேலையும் படிப்பும் ஒரே வாரத்தில் நின்றுபோயின. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ரத்தானது.

ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வரும்போது மடிக்கணினியையும் எடுத்து வரவேண்டும். முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு நின்று, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் வீடியோ பாடங்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஏற்றிய பிறகு நெட் தேவையில்லை. ரீசார்ஜ் செலவும் இல்லை. புரியாத இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அந்த நெருக்கடியில் எடுத்த முடிவுகளில் மிகவும் புத்திசாலித்தனமானது இதுவே எனலாம்.

மற்ற வகுப்புகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. இதுவும் கொரோனாவுக்காகப் பிறந்ததல்ல. 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கப்பட்டு, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து அரசு கேபிளின் 200-வது அலைவரிசையில் வந்துகொண்டிருந்தது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1937-ல் போலியோ பரவியபோது சிகாகோ நகரம் பள்ளிகளை மூடிவிட்டு, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பாடங்களை வானொலியில் நடத்தியது. இரண்டிலும் குறை ஒன்றே: பேசுகிற ஆசிரியரிடம் பிள்ளை சந்தேகம் கேட்க முடியாது.

சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் இருந்தது. ஆசிரியர் கேள்வி அனுப்புவார். பிள்ளை எழுதிய பக்கத்தைப் படம் பிடித்துப் போடவேண்டும். ஆனால் போன் யாரிடம்? கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018-ல் 36.5 சதவீதம், 2020-ல் 61.8 ஆனது என்கிறது அகில இந்திய ‘அசர்’ ஆய்வு. வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விட்டால், இரவு அவர் திரும்பும் வரை வீட்டுப்பாடம் காத்திருக்கும்.

சின்னஞ்சிறுசுகள்தான் அதிகம் இழந்தார்கள். அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை 2020 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்ததோ 2021 நவம்பர் 1 அன்று. அதாவது, அந்தப் பிள்ளைகள் முதன்முதலாக வகுப்பில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு. பென்சில் பிடிக்கும் விரலைத் திருத்திக் கொடுக்க எந்தத் திரையாலும் முடியாது.

அந்த வேலைக்கு ஆள்தான் வேண்டும் என்பதை அரசு புரிந்துகொண்டது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி வைத்தார். ப்ளஸ் டூ முடித்த, பட்டம் பெற்ற உள்ளூர்க்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடமும் கதையும் சொன்னார்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

பலன் இருந்ததா? கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழகத்தின் 220 கிராமங்களில் சிறு பிள்ளைகளைச் சோதித்தார்கள். மொழிப்பாடத்தைப் போல இரு மடங்கு இழப்பு கணக்கில். ஆனால் பள்ளி திறந்து ஆறே மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. ஆயிரம் ரூபாய் வாங்கிய அந்தப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. 2022 ‘அசர்’ கணக்கில், தமிழகக் கிராமப்புற மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதமே, 2018-லேயே அது 10.2 தான். அந்த மூன்றாம் வகுப்பினர், அதாவது 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள், 2030-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள்.