துப்பாக்கியின் மாற்று உறுப்புகள்: ஒரே அளவு பிறந்த வரலாறு

ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க உறுப்புகள் என்பவை, ஒரே வகையைச் சேர்ந்த பொருள்களில் எதிலிருந்து எடுத்து எதில் வைத்தாலும், அராவாமலும் தட்டாமலும் அப்படியே பொருந்தும்படி செய்யப்பட்ட பாகங்களாகும். இன்று மிதிவண்டியின் ஒரு திருகாணி தொலைந்தால் கடையில் வேறொன்று வாங்கி மாட்டிவிடுகிறோம். ஆனால் 18ஆம் நூற்றாண்டு வரை இது இயலாத செயலாக இருந்தது. இதை இயலச் செய்த முயற்சிகள் பெரும்பாலும் துப்பாக்கித் தொழிலில்தான் நடந்தன. பிரான்சில் தொடங்கி அமெரிக்காவில் வளர்ந்த அம்முயற்சிகள் முழு வெற்றி பெற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பழைய துப்பாக்கியின் சிக்கல்

சிக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் பழைய துப்பாக்கியில் மூன்று பெரும் பகுதிகள் இருந்தன. அவை இரும்புக் குழல், மரக்கட்டை, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பூட்டு ஆகியவை. இவற்றுள் மிகவும் சிக்கலானது பூட்டு. ஓர் இரும்புத் தகட்டின்மேல் குதிரை, மருந்துக் கிண்ணி, வில்கள், கொக்கிகள், திருகாணிகள் எனப் பல சிறு உறுப்புகள் அமைந்திருக்கும். போர்க்களத்தில் அடிக்கடி பழுதாவதும் இப்பகுதியே.

இந்த உறுப்புகளைக் கொல்லர்கள் சுத்தியலால் அடித்து, அரத்தால் அராவி, ஒன்றோடொன்று பொருந்தும்வரை சரிசெய்து பூட்டினர். அராவும்போது இரும்பு மென்மையாக இருக்க வேண்டும். பிறகு அதைச் சூடேற்றிக் கடினமாக்க வேண்டும். கடினமாக்கும்போது உறுப்பு சற்றே கோணிக்கொள்ளும். எனவே ஒரு துப்பாக்கிக்கென அராவிய உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. கலந்துவிடாமல் இருக்க, ஒரே பூட்டைச் சேர்ந்த உறுப்புகளில் ஒரே குறியைப் பொறித்து வைப்பது வழக்கம். ஒரு சிறு வில் ஒடிந்தாலும் துப்பாக்கி கொல்லனிடம் போயாக வேண்டும். அதுவரை அந்தப் படைவீரனுக்கு ஆயுதம் இல்லை.

பிரான்சில் ஒனோரே பிளாங்

பிரெஞ்சுப் பீரங்கிப் படையின் தலைவர் கிரிபோவால் 1765 முதல் பீரங்கிகளையும் அவற்றின் வண்டிகளையும் ஒரே அளவுத் திட்டத்திற்குக் கொண்டுவந்தார். அதே எண்ணத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுசென்றவர் ஒனோரே பிளாங் என்னும் துப்பாக்கித் தொழில் வல்லுநர். அவர் அச்சுகளையும் மாதிரி அளவுகளையும் பயன்படுத்திப் பூட்டின் உறுப்புகளைச் செய்தார்.

1785இல் அவரது பட்டறைக்கு வந்தவர்களுள் தாமஸ் ஜெஃபர்சனும் ஒருவர். அப்போது அவர் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தார். 50 பூட்டுகளின் உறுப்புகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்தவற்றை எடுத்துச் சில பூட்டுகளைத் தாமே பூட்டிப் பார்த்ததாகவும், அவை மிகச் சரியாகப் பொருந்தியதாகவும் ஜெஃபர்சன் தம் நாட்டு அரசுக்கு எழுதினார். ஆயுதம் பழுதானால் இம்முறை பேருதவியாக இருக்கும் என்பதை அவர் உடனே உணர்ந்துகொண்டார்.

ஆயினும் பிரான்சில் இம்முறை நிலைக்கவில்லை. புதிய முறை தங்கள் கைத்திறனுக்கும் கூலிக்கும் கேடு என்று கருதிய துப்பாக்கிக் கொல்லர்கள் அதை எதிர்த்தனர். புரட்சிக்குப் பின் அரசின் ஆதரவும் குன்றியது. பிளாங் 1801இல் மறைந்தார். அவரது முறை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

எலி விட்னி: பெயரும் உண்மையும்

பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் எந்திரத்தால் புகழ்பெற்ற எலி விட்னி, 1798இல் 10,000 துப்பாக்கிகள் செய்துதர அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தார். 1800ஆம் ஆண்டுக்குள் அனைத்தையும் தருவதாக ஏற்றுக்கொண்டார். ஆனால் கடைசித் தொகுதியை 1809இல்தான் தர முடிந்தது. இடையே, 1801இல் வாஷிங்டனில் தலைவர்கள் முன்னிலையில் தம் துப்பாக்கிப் பூட்டுகளைக் காட்டி விளக்கினார். அவர்களுள் ஜெஃபர்சனும் இருந்தார்.

மாற்று உறுப்புகளைக் கண்டுபிடித்தவர் விட்னியே என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 1960இல் ராபர்ட் வுட்பரி என்ற வரலாற்றாசிரியர் அதை மறுத்துக் கட்டுரை எழுதினார். எஞ்சியிருக்கும் விட்னி துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. கையால் பொருத்தியதற்கு அடையாளமான தனிக் குறிகளும் அவற்றில் காணப்பட்டன. விட்னி இக்கருத்தைப் பரப்பியவர். அதைச் செயலில் நிறைவேற்றியவர் அல்லர். அவர் காட்டிய நம்பிக்கையால் அரசு இம்முயற்சிக்குத் தொடர்ந்து பணம் தந்தது என்பது அவருடைய பங்கு.

ஜான் ஹால் கண்ட வழி

இதை முதன்முதலில் பெருமளவில் செய்துகாட்டியவர் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த ஜான் ஹால். அவர் 1811இல் பின்புறமிருந்து மருந்திடும் துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் குழலுக்குப் பின்னே ஓர் இரும்புக் கட்டி இருந்தது. மருந்தும் குண்டும் வைக்கும் அறை அக்கட்டிக்குள்ளேயே அமைந்திருந்தது. குதிரை, விசை முதலிய உறுப்புகளும் அதனுடனேயே இணைந்திருந்தன. கட்டியின் முன்பகுதியை மேலே தூக்கி மருந்திடலாம். அச்சாணியை நீக்கினால் கட்டி முழுவதையும் தனியே வெளியே எடுக்கலாம். சிறு உறுப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் இவ்வமைப்பு எளிதாக இருந்தது.

ஆனால் கழற்றுவது எளிதானால் மட்டும் போதாது. புதிதாக வைக்கும் உறுப்பும் பொருந்த வேண்டும். 1819இல் 1,000 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் பெற்ற ஹால், வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையில் தமக்கெனத் தனிப் பட்டறை அமைத்தார். அங்கே அவர் மூன்று வழிகளைக் கையாண்டார்.

முதலாவது, எந்திரங்கள். அரம் பிடித்த கைக்குப் பதிலாக, இரும்பைச் செதுக்கும் எந்திரங்களைத் தாமே வடிவமைத்தார். இரண்டாவது, அளவுமானிகள். ஒவ்வோர் உறுப்பும் செய்யப்படும்போதே அதற்கென்று செய்த அளவுமானியில் வைத்துச் சோதிக்கப்பட்டது, பொருந்தாதது ஒதுக்கப்பட்டது. மூன்றாவது, ஒரே தொடக்கப்புள்ளி. ஓர் உறுப்பில் பல துளைகளும் விளிம்புகளும் இருக்கும். முதல் துளையிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்தால், சிறுசிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். ஹால் ஒரே ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, எல்லா அளவுகளையும் அதிலிருந்தே எடுத்தார். அதனால் ஒன்றில் நேர்ந்த பிழை அடுத்ததற்குப் பரவவில்லை. இன்றைய பொறியியல் வரைபடங்களிலும் இம்முறை பின்பற்றப்படுகிறது.

1826இன் இறுதியில் அரசு அனுப்பிய ஆய்வுக்குழு இதைச் சோதித்தது. 1824இல் செய்யப்பட்ட 100 துப்பாக்கிகளைக் கிடங்கிலிருந்து எடுத்துப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, 100 புதிய மரக்கட்டைகளில் பூட்டச் செய்தது. எல்லாம் பொருந்தின. அடுத்த சோதனை இன்னும் கடினமானது. 1828இல் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் இருந்த சிமியோன் நார்த் என்பவருக்கும் ஹால் துப்பாக்கி செய்யும் பணி தரப்பட்டது. அவர் செய்யும் உறுப்புகள் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் செய்தவற்றோடு மாறிப் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. 1834 அளவில் அது நிறைவேறியது. தொலைவில் உள்ள இரு ஊர்களில், வேறுவேறு கைகள் செய்த உறுப்புகள் ஒரே துப்பாக்கியில் பொருந்தின.

தொழிலாளர் நிலை

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. முழுத் துப்பாக்கியையும் செய்யத் தெரிந்த கைவினைஞர், நாள் முழுதும் ஒரே எந்திரத்தின்முன் நின்று ஒரே உறுப்பைச் செய்பவராக மாறினார். பட்டறைக்கு விரும்பிய நேரத்தில் வந்துபோகும் பழைய வழக்கமும் போயிற்று. 1842இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் கடிகாரப்படி வேலைநேரம் கட்டாயமாக்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். கால்வாய்ப் படகில் வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் டைலரிடமே முறையிட்டனர். அவர் ஆறுதலாகப் பேசி, வேலைக்குத் திரும்பும்படி அனுப்பிவைத்தார், கடிகாரம் நீங்கவில்லை. பிரெஞ்சுக் கொல்லர்கள் அஞ்சியது வீண் அச்சம் அன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஹாலுக்கும் இம்முறை செல்வம் சேர்க்கவில்லை. எந்திரங்களுக்கான செலவு மிகுதி என்று அதிகாரிகள் குறைகூறியபடியே இருந்தனர். அவரது துப்பாக்கியின் இணைப்பில் வெடிவாயு கசிந்ததும் ஒரு குறை. அவர் 1841இல் இறந்தார். துப்பாக்கி வழக்கொழிந்தது, முறை நிலைத்தது. 1842 மாதிரித் துப்பாக்கி, ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆகிய இரண்டு அரசு ஆயுதச்சாலைகளிலும் முழுமையாக மாற்றத்தக்க உறுப்புகளோடு செய்யப்பட்டது.

இங்கிலாந்துக்குப் பரவுதல்

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், வெர்மான்ட் மாநிலத்தின் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் வைத்த துப்பாக்கிகள் ஆங்கிலேயரின் கவனத்தை ஈர்த்தன. 1854இல் பிரிட்டிஷ் குழு ஒன்று ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்றது. 1844 முதல் 1853 வரை, ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்துப் பிரித்து உறுப்புகளைக் கலந்தது. ஒரு தொழிலாளி திருப்புளி மட்டும் கொண்டு அவற்றை மீண்டும் பூட்டிக்கொடுத்தார்.

இதைக் கண்ட குழு, எந்திரங்களை வாங்கி என்ஃபீல்டு ஆயுதச்சாலையில் நிறுவ ஏற்பாடு செய்தது. 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி அங்கே 1850களின் பிற்பகுதியில் மாற்றத்தக்க உறுப்புகளோடு வெளிவரத் தொடங்கியது. இந்தியாவில் 1857 எழுச்சிக்கு உடனடிக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இந்த மாதிரித் துப்பாக்கிக்கென வந்தவையே.

படைக்கலத்திலிருந்து வீட்டுப் பொருளுக்கு

ஆயுதச்சாலைகளில் பயின்ற தொழிலாளர்கள் வேறு தொழிற்சாலைகளுக்குச் சென்றபோது இம்முறையும் அவர்களோடு சென்றது. தையல் எந்திரம், தட்டச்சுப்பொறி, மிதிவண்டி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அதைப் பெற்றன. இளமையில் ஸ்பிரிங்ஃபீல்டில் வேலைபார்த்த ஹென்றி லேலண்டு பின்னாளில் காடிலாக் கார் நிறுவனத்தை நடத்தினார். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்தளத்தில் மூன்று காடிலாக் கார்களைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினர். பிளாங் பூட்டுகளை வைத்துச் செய்த அதே சோதனைதான் 123 ஆண்டுகளுக்குப் பின் கார்களைக் கொண்டு நடந்தது.

இவ்வரலாற்றில் தனியொரு கண்டுபிடிப்பாளர் இல்லை. எண்ணத்தைத் தந்தவர் ஒருவர், அதைப் பரப்பியவர் ஒருவர், அளந்து நிறைவேற்றியவர் வேறொருவர். உடனடி இலாபம் பாராமல் நீண்ட காலம் செலவு செய்தது அரசு. எந்திரத்தை இயக்கியவர்களும், அளவுமானியில் வைத்துப் பொருந்தாததை ஒதுக்கியவர்களும் பெயர் தெரியாத தொழிலாளர்கள். கடையில் ஓர் உதிரிப்பாகம் கேட்டவுடன் கிடைப்பதற்குப் பின்னால் இவர்கள் அனைவரின் உழைப்பும் இருக்கிறது.