கல்வெட்டு, கதைப்பாட்டு, ஃபார்வர்டு

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வாரம், எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இரண்டு செய்திகள் வந்தன. முதல் செய்தி, ‘சத்ரபதி சிவாஜி கட்டிய கோட்டைக்கு உலக அங்கீகாரம்.’ அரை மணி நேரம் கழித்து இரண்டாவது: ‘தமிழன் கட்டிய கோட்டையை மராட்டியனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க, தமிழனா இருந்தா பகிரு.’ இரண்டிலும் ராஜகிரியின் ஒரே படம். இரண்டையும் அனுப்பியவர் ஒரே சித்தப்பா. போன் போட்டு, “எது சரி சித்தப்பா?” என்று கேட்டேன். “தெரியலப்பா. வந்துச்சு, அனுப்பிட்டேன்” என்றார்.

இரண்டுமே தவறு என்பதைவிட, இரண்டுமே பாதி என்பதுதான் சரி. யுனெஸ்கோ அறிவித்தது ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தொகுப்பை. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. கோட்டையைத் தொடங்கியவர் ஆனந்தக் கோன் என்பது மரபு. அதைப் பெரிய கோட்டையாக ஆக்கியவர்கள் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-இல் சிவாஜி வந்தார், மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் ஒளரங்கசீப்பிடமிருந்து தப்பி இங்கே வந்து அரசு நடத்தினார். முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் பல வருடம் முற்றுகையிட்டு 1698-இல்தான் கோட்டையை வாங்க முடிந்தது. பிறகு 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர். மராட்டியர் கையில் இருந்தது 21 வருடம். ஆனால் மராட்டிய அரசே உயிர் பிழைத்தது அந்த 21 வருடங்களில்தான். இதையெல்லாம் ஒரு ஃபார்வர்டில் அடக்க முடியாது. அடக்கினாலும் யாரும் அனுப்ப மாட்டார்கள். கோபம் வராதே!

பொதுமக்களின் அபிப்பிராயத்தை உருவாக்கும் வேலை செஞ்சிக்குப் புதிதல்ல. இங்கே நடந்த ஒரு பழைய போட்டியைப் பார்க்கலாம்.

1714-இல் செஞ்சியின் கில்லேதார் சரூப் சிங் இறந்தார். மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். நாம் தேசிங்கு என்கிறோமே, அவர்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் நிலுவைப் பணத்தைக் கேட்டார், தேசிங்கு மறுத்தார். அந்த அக்டோபரில் போர். இருபத்திரண்டு வயது இளைஞன் சில நூறு குதிரைகளோடு பெரும்படைமேல் பாய்ந்து செத்துப்போனான். ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை.

வென்றவர் என்ன செய்தார்? கோட்டைக்குள் ஒரு மசூதி எழுப்பி, பாரசீகத்தில் கல்வெட்டு வைத்தார். அது அரசின் ஊடகம். செலவு பிடிப்பது, அதிகாரபூர்வமானது, கையெழுத்து உள்ளது. தோற்றவன் பக்கம் கல் இல்லை, பாட்டு மட்டும்தான். கதைப்பாட்டில் வரி பாக்கி பெரிய விஷயமாக இல்லை. அடங்காத குதிரையை அடக்கிய வீரம் இருக்கிறது. சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டும் மீறிப் போன பிடிவாதம் இருக்கிறது. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காக உயிரைக் கொடுத்த முஸ்லிம் தோழன் இருக்கிறான். அந்தப் பாட்டு ஊர் ஊராகப் போனது. பிறகு பெரிய எழுத்துப் புத்தகமானது, தெருக்கூத்தானது, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமானது. இன்று செஞ்சி என்றதும் ‘தேசிங்கு ராஜா’ என்பவர்கள்தான் அதிகம். சாதத்துல்லா கான் பெயர் வழிகாட்டிக்குத்தான் தெரியும்.

மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய அந்தப் போட்டியில் அரசின் கல்வெட்டை ஊரின் பாட்டு ஜெயித்தது. பாட்டு உண்மையைச் சொன்னது என்று நான் வாதாடவில்லை. அதுவும் வெட்டி ஒட்டிய கதைதான். ஆனால் பாடுகிறவன் கேட்கிறவன் முன்னால் நிற்க வேண்டும். “ஏய், போன வருஷம் வேற மாதிரி பாடினியே” என்று யாராவது கேட்கலாம். ஒரு இரவில் ஒரு ஊர்தான் கேட்கும்.

இன்றைய மாற்றம் என்னவென்றால், அரசும் கட்சியும் தீவிரவாதியும் கல்வெட்டைக் கைவிட்டுப் பாட்டின் வேஷத்தைப் போட்டுக்கொண்டதுதான். ஆசிரியர் பெயர் இல்லாத, ஊரே சொல்வதுபோன்ற செய்தி. பின்னால் சம்பளம் வாங்கும் ஐ.டி. விங் இருக்கலாம். முன்னால் தெரிவது நம் சித்தப்பா.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இதன் இயந்திரப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பதிவை மேலே காட்டுவது என்பதை மனிதர் யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு வினைக்கும் ஒரு எடை. ஃபேஸ்புக்கில் 2017 முதல் சில காலம், ஒரு ‘கோப’ முகத்துக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை இருந்தது என்பது 2021-இல் வெளியான உள் ஆவணங்களில் தெரிந்தது. எழுதியவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. எந்த எண்ணைக் கூட்டச் சொல்கிறோமோ, நிரல் அதைக் கூட்டும். கோபமூட்டத் தெரிந்தவனுக்கு அது இலவச ஒலிபெருக்கி.

செஞ்சியிலிருந்து சேத்துப்பட்டு வழியாகப் போனால் போளூர். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக அந்தப் பக்கமெல்லாம் வாட்ஸப்பில் வதந்தி சுற்றியது. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் வயதான அம்மா ஒருவர் இறந்தார். அடித்தவர்களில் அந்த வதந்தியை உண்டாக்கியவர் எவரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. வந்துச்சு, அனுப்பிட்டேன். அவ்வளவுதான்.

கடல் தாண்டினால் இதைத் திட்டமிட்டே செய்தவர்கள் இருக்கிறார்கள். காத்தான்குடி சஹ்ரான் ஹாஷிம் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் வெறுப்பைப் பிரசங்கம் செய்தது நம் தமிழில்தான். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்த குண்டுவெடிப்புகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2018 மார்ச்சில், திகன பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையைச் சிங்களப் பேரினவாதக் குழுக்கள் அதே ஃபேஸ்புக்கில்தான் ஊதிப் பெருக்கின. கொள்கையில் எதிரெதிர். கருவி ஒன்று.

அரசுகள் என்ன செய்கின்றன? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாக வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சண்டைகளின் வீடியோக்கள் பரவின. தமிழகக் காவல்துறை உடனே மறுப்பு வெளியிட்டது, பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. பெரிய ஆபத்து விலகியது. இது நல்ல முன்மாதிரி. ஆனால் அதே ஆண்டு ஒன்றிய அரசு, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவு செய்ய ஒரு சரிபார்ப்பு அமைப்புக்கு விதி திருத்தியது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் தனக்கென ஒரு சரிபார்ப்பகம் வைத்திருக்கிறது. சாதத்துல்லா கானே பாட்டையும் திருத்திக் கொடுப்பதுபோல இது. வதந்தியை மறுப்பது அரசின் கடமை. விமர்சனத்துக்கு ‘பொய்’ முத்திரை குத்துவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே அலுவலகம் இருக்கக்கூடாது.

உண்மையில் பலன் தந்தது சின்ன விஷயம். 2018-இல் இந்தியாவில் வாட்ஸப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி செய்தது. 2020-இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றது. அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. எதையும் தடை செய்யவில்லை, யாரையும் கைது செய்யவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தார்கள். பாட்டுக்காரன் அடுத்த ஊருக்கு நடந்து போகும் நேரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிறு சித்தப்பாவைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில், மசூதி. கோயில் தூண்களில் சில, பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிப்போய் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன என்றேன். ராஜகிரி ஏற மூட்டுவலி விடவில்லை, அடிவாரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “அப்போ இது யார் கட்டின கோட்டைதான்டா?”

“எல்லாரும்தான் சித்தப்பா” என்றேன்.

“இதை எப்படிடா அனுப்புறது?” என்றார்.