க்ளோதோ மரபணுவும் புற்றுநோய்த் தடுப்பும்

க்ளோதோ என்பது மனிதரின் 13ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு. முதுமையைத் தள்ளிப்போடும் மரபணு என்று முதலில் பெயர் வாங்கியது. பல புற்றுநோய்களின் வளர்ச்சிக்கு அணைபோடுவதாகவும் பின்னர் தெரியவந்தது. ஜப்பானில் மகோட்டோ குரோ-ஓ குழுவினர் இதைக் கண்டறிந்து 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். வேறொரு ஆய்வுக்காக எலிகளின் உடலில் செலுத்திய மரபணுத் துண்டு, தற்செயலாக இந்த மரபணுவைக் கெடுத்திருந்தது. அந்த எலிகள் மூன்று வாரம் ஒழுங்காக வளர்ந்தன. பிறகு இரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிந்தது, எலும்பு மெலிந்தது, தோல் நலிந்தது. இரண்டு மாத அளவில் இறந்தும் போயின. ஆய்வக எலியின் வழக்கமான ஆயுள் இரண்டு ஆண்டுக்கும் மேல். உயிரின் இழையை நூற்கும் கிரேக்கத் தெய்வத்தின் பெயரை மரபணுவுக்கு வைத்தார்கள். இதே மரபணுவை மிகுதியாக இயங்கவைத்தபோது ஆண் எலிகளின் ஆயுள் 20 முதல் 31 விழுக்காடு வரையும், பெண் எலிகளின் ஆயுள் சுமார் 19 விழுக்காடும் கூடியதாக 2005இல் சயின்ஸ் இதழ் வெளியிட்டது.

‘முதுமைத் தடுப்பு’ என்ற அடைமொழியை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. க்ளோதோ புரதத்தின் முதன்மையான வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது. எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனுக்குத் துணை ஏற்பியாக நின்று, மிகையான பாஸ்பேட்டை உடலிலிருந்து வெளியேற்ற அது உதவுகிறது. புரதம் இல்லாத எலிகளில் பாஸ்பேட் தேங்கியது. பாஸ்பேட் குறைந்த தீனி கொடுத்ததும் பல கோளாறுகள் தணிந்தன. முதுமை என்று பார்த்தவற்றில் பெரும்பங்கு பாஸ்பேட் நஞ்சேறியதன் விளைவு.

புற்றுநோயில் இதன் பங்கு வேறு வகையானது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இப்புரதத்தின் வெளிப்பகுதியைச் சில நொதிகள் வெட்டிவிட, அது இரத்தத்தில் கலந்து சுற்றுகிறது. செல் பெருகுவதற்குக் கட்டளையிடும் இரண்டு பாதைகளை அது மட்டுப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டின. ஒன்று, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியின் பாதை. மற்றொன்று டபிள்யுஎன்டி பாதை. அதன் புரதங்களை க்ளோதோ பற்றிக்கொள்வது 2007இல் தெரிந்தது. அடுத்த ஆண்டே இஸ்ரேலின் இடோ வுல்ஃப் குழு மார்பகத்தை ஆராய்ந்தது. இயல்பான திசுவில் நிறைந்திருந்த க்ளோதோ கட்டிகளில் குறைந்திருந்தது. புற்றுசெல்களில் அதை மீண்டும் சுரக்கவைத்தபோது வளர்ச்சி தளர்ந்தது. மார்பகப் புற்றுநோயோடு பெயர்பெற்ற பிஆர்சிஏ-2 மரபணு இதே குரோமோசோமில், பத்து லட்சம் கார இணைகளுக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஆனால் அண்டையில் இருப்பதாலேயே இரண்டுக்கும் ஒரே வேலை என்றாகிவிடாது.

தமிழ்நாட்டு வாசகருக்கு நெருக்கமானது கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு. ஏறத்தாழ எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மனித பாப்பிலோமா வைரஸே காரணம். அதன் இ-6 புரதம் பி-53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. இ-7 புரதம் ஆர்பி என்ற இன்னொரு காவல் புரதத்தை முடக்குகிறது. க்ளோதோவும் இங்கே ஓய்ந்துபோவதை மாலிக்யூலர் கேன்சர் இதழில் 2010இல் வந்த கட்டுரை காட்டியது. மரபணு உடைவதில்லை, அதன் தொடக்கப் பகுதியில் மீத்தைல் குறிகள் ஏறி வாய் அடைத்துவிடுகின்றன. ஊடுருவிப் பரவும் நிலையில் இந்த இழப்பு கூடுதலாகத் தெரிந்தது, கூடவே டபிள்யுஎன்டி பாதையும் கட்டவிழ்ந்திருந்தது. உடையாத மரபணுவை மறுபடி எழுப்பலாம். ஆய்வகச் செல்களில் மீத்தைல் நீக்கும் மருந்து அதைச் செய்தும் காட்டியது. ஆனால் அந்த மருந்து க்ளோதோவை மட்டும் தேடிப்போய் எழுப்புவதில்லை, உறங்கும் வேறு பல மரபணுக்களும் சேர்ந்தே விழித்துக்கொள்கின்றன. க்ளோதோவை அடிப்படையாகக் கொண்ட புற்றுநோய் மருந்து எதுவும் இன்னும் நடைமுறைச் சிகிச்சைக்கு வரவில்லை.

1980களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் என்பதை, அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் பதிவேடு காட்டுகிறது. பிறகு அது குறைந்து, மார்பகப் புற்றுநோய் முந்தியது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையான பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2007இல் லான்செட்டில் வந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, கருப்பைவாயில் வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று பார்த்தார்கள். திட்டு தெரிந்தவர்களுக்கு மேற்பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்தன. அந்த ஒரே சுற்றில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. திருத்தணியை அடுத்து ஆந்திர எல்லையோரம் இருக்கும் நெசவு ஊரான பொதட்டூர்பேட்டை போன்ற இடத்தில், தறி வேலைக்கு நடுவே ஒரு பெண் செய்துகொள்ளக்கூடியது இந்த அசிட்டிக் அமிலச் சோதனைதான். க்ளோதோ அளவைப் பார்த்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் வழக்கமான பரிசோதனை பெருநகர மருத்துவமனைகளிலும் கிடையாது.