கண் ஆஞ்சியோகிராம்: ஒரு மஞ்சள் சாயத்தின் கதை

1/ "கண் ஆஞ்சியோகிராம் ஊசி போட்டா வாந்தி வருமாமே டாக்டர்?" சர்க்கரை நோயாளிகள் பலர் பயந்துக்கிட்டே கேக்குறாங்க. கதையைக் கேளுங்க.

2/ ஃப்ளூரசீன் சாயத்தை 1871-இல் உருவாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர். அதைக் கையில் ஊசியாக ஏற்றி, விழித்திரை ரத்தக்குழாய்களைப் படமெடுத்து 1961-இல் வெளியிட்டவர்கள் நோவோட்னி, ஆல்விஸ். இருவரும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள். முதல் ஊசி யாருக்கு? ஆல்விஸுக்கேதான்!

3/ சிலருக்குக் குமட்டும். சில நிமிஷத்துல அடங்கிடும். தோலும் சிறுநீரும் மஞ்சளாகும். பயப்படாதீங்க, தானா சரியாகிடும். கடும் ஒவ்வாமை அபூர்வம்.

4/ 1991-இல் ஓசிடி ஸ்கேன் வந்தது. அதன் வாரிசான ஓசிடி ஆஞ்சியோகிராமில் ஊசியே கிடையாது. ரத்த அணுக்களின் ஓட்டத்தை வச்சே குழாய்களைக் காட்டிடும். ஆனா கசிவைக் காட்டாது. அதுக்கு இன்னைக்கும் சாயம்தான்.

5/ ஊசிக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட்டா பார்வைக்குத்தான் நஷ்டம். அலர்ஜி, ஆஸ்துமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. "எனக்கு ஊசி இல்லாமப் பார்க்க முடியுமா?"ன்னும் கேளுங்க.