பரஸ்பர சம்மத மணவிலக்கு

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மனுச் செய்து, நீதிமன்றத் தீர்ப்பாணையின் வழியே திருமணத்தை முடித்துக்கொள்ளும் முறை. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு இதற்கு இடமளிக்கிறது. கொடுமை, கைவிடல் போன்ற குற்றச்சாட்டு எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரும் நன்மை.

மனுவுக்கு முன் ஓராண்டேனும் இருவரும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதிருப்பதும் பிரிவே என்று உச்ச நீதிமன்றம் சுரேஷ்டா தேவி வழக்கில் (1991) விளக்கியது. தீர்ப்பாணை பிறக்கும்வரை ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறியது. முதல் மனு அளித்து ஆறு மாதம் கழித்து, 18 மாதங்களுக்குள் இருவரும் மீண்டும் விலக்குக் கோர வேண்டும். சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லாத நேர்வுகளில் இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என அமர்தீப் சிங் வழக்கில் (2017) தீர்ப்பானது.

ஜீவனாம்சம், நகை, குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றை மனுவிலேயே எழுதிக்கொள்வது வழக்கம். வாய்ப்பேச்சோடு விடுவது பின்னாளில் வழக்கில் கொண்டுபோய் விடும். குழந்தையைப் பொறுத்தவரை பெற்றோரின் உடன்பாட்டைவிட அதன் நலனே முதன்மையானது.

நீதிமுறைப் பிரிவு இதனின்று வேறானது: அதில் திருமணம் நீடிப்பதால் மறுமணம் செய்ய இயலாது.